சங்கிலி போட்ட இரவில் குத்தியது யாருடைய குரல்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிப் பார்க்கிறேன். கடுமையான ஒழுங்குகள் உள்ள ஒரு பெந்தெகொஸ்தே சபையில் பிறந்து வளர்ந்திருக்கிறீர்கள். அங்கே நகை, பூ, சினிமா எல்லாம் பாவம். வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகம் தவறினால் சாபம். மாத்திரை விழுங்கினால் அவிசுவாசம். வேலைக்காகச் சென்னைக்கு வந்தபின் இரண்டு ஆண்டுகளாக வேறொரு சபைக்குப் போகிறீர்கள். அங்கே அப்போஸ்தலன் பவுல் எழுதிய கலாத்தியர் நிருபத்திலிருந்து தொடர்ந்து பிரசங்கம் கேட்டு, மனம் ஒப்பி, போன மாதம் ஒரு மெல்லிய தங்கச் சங்கிலி வாங்கிப் போட்டுக்கொண்டீர்கள். அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஊருக்குப் போகும்போது அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்கிறீர்கள். "கிறிஸ்துவுக்குள் சுதந்திரம் என்பது வேதத்தில் உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை என் இஷ்டத்துக்கு வாழ நான் தேடிக்கொண்ட சாக்கா?" என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் வசனங்களையெல்லாம் நீங்களே சரியாக எடுத்துச் சொல்லியிருக்கிறீர்கள். வசனம் தெரிந்த பிறகும் நெஞ்சில் குத்துகிறதே, குத்துவது பரிசுத்த ஆவியானவரா, வளர்ந்த வளர்ப்பா என்பதுதான் நீங்கள் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன். போகிற போக்கில், அம்மா சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பதில்லை என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இறையியல் கல்லூரி ஒன்றில் 26 ஆண்டுகள் புதிய ஏற்பாடும் கிரேக்கமும் கற்பித்தவன் நான். அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் கிராமச் சபைகளில் ஆயராக இருந்தேன். மனநலம் பற்றி நான் சொல்வது ஆயராக இருந்து கண்டதே தவிர, மருத்துவம் படித்துச் சொல்வது அல்ல. உங்கள் வீட்டையும் சபையையும் நான் அறியேன். எனவே அவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

நிச்சயமாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். நகை அணிவது பாவம் என்று வேதத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுபவை முக்கியமாக 1 பேதுரு 3:3, 1 தீமோத்தேயு 2:9 ஆகிய இரண்டும்தான். பேதுருவில், "மயிரைப் பின்னி, பொன்னாபரணங்களை அணிந்து, உயர்ந்த வஸ்திரங்களை உடுத்திக்கொள்ளுதலாகிய புறம்பான அலங்கரிப்பு" என்று வருகிறது. அந்த வரிசையில் முதலில் நிற்பது பின்னல். நகையைக் கழற்றிய பெண்கள் எத்தனையோ பேர் தலையை இறுகப் பின்னிக்கொண்டு ஆராதனைக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். பின்னலை அவிழ்த்துவிட்டு வா என்று எந்த மூப்பரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதைவிட வேடிக்கை, "உயர்ந்த" என்ற சொல் அந்த இடத்தில் கிரேக்க மூலத்தில் கிடையாது. வெறுமனே "வஸ்திரங்களை உடுத்துதல்" என்றுதான் இருக்கிறது. இதைத் தடைச்சட்டமாக வாசித்தால் துணி உடுத்துவதற்கும் சேர்த்துத் தடை என்றாகும். பேதுரு தடை எதுவும் போடவில்லை என்பது அந்த வாக்கியத்தின் அமைப்பிலேயே தெரிகிறது. உன் அழகு எங்கே இருக்கிறது என்று கேட்டு, இதிலெல்லாம் இல்லை, உள்ளத்தில் இருக்கிறது என்கிறார். தீமோத்தேயு நிருபத்தில் "விலையேறப்பெற்ற" என்ற சொல் மூலத்திலேயே உண்டு. அங்கே பேச்சு பணத்திமிர் பற்றியது. ஆபிரகாமின் ஊழியக்காரன் ரெபெக்காளுக்குப் பொன் அணியும் கடகங்களும் கொடுத்தான். கெட்ட குமாரன் திரும்பி வந்தபோது தகப்பன் அவன் விரலில் மோதிரம் போடச் சொன்னான். இஸ்ரவேலர் ஆபரணங்களைக் கழற்றிய யாத்திராகமம் 33-ஐ எதிர்த்தரப்பில் காட்டுவார்கள். அது பொற்கன்று விவகாரத்துக்குப் பின் துக்கம் காட்டிய நேரம். நித்திய கட்டளை என்று அங்கே சொல்லப்படவில்லை.

அப்படியானால் இந்த வழக்கம் முட்டாள்தனமாக வந்ததா என்றால், அதையும் நான் ஏற்கமாட்டேன். என் அத்தை 1968-இல் ஞானஸ்நானம் எடுத்தபோது கம்மலையும் வளையல்களையும் கழற்றினார். கழற்றச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. எங்கள் தெருவில் "எத்தனை பவுன்?" என்ற கேள்வி ஒரு பெண்ணின் மதிப்பையே தீர்மானித்தது. அந்தக் கேள்விக்குள் தன்னை இனி யாரும் எடைபோடக்கூடாது என்று அவர் முடிவுசெய்தார். விற்ற பணத்தில் பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினார். காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்கப் பெண்கள் வேப்பங்குச்சியைச் செருகிக்கொள்வது உண்டு; அத்தை அதையும் செய்யவில்லை, தூர்ந்துபோகட்டும் என்று விட்டுவிட்டார். மிராசுதார் மனைவியும் களைபறிக்கும் பெண்ணும் வெறுங்கழுத்தோடு ஒரே பாயில் உட்கார்ந்து ஜெபிப்பதை அந்தக் கூட்டங்களில்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். நான் பார்த்த மனிதர்களில் மிகவும் சுதந்திரமானவர் அத்தைதான் என்று இன்றும் சொல்வேன். ஆனால் அவர் ஆனந்தமாகச் செய்தது அவர் மகள்களிடம் சபை ஒழுங்காக வந்து சேர்ந்தது. பேத்திகளிடம் நரகபயமாக வந்து சேர்ந்தது. ஒரு பேத்தியின் கல்யாணத்தன்று மூப்பர்கள் இருவர் வந்து மணமகளின் சங்கிலியைப் பற்றி முறையிட்டபோது, அத்தை திண்ணையில் உட்கார்ந்தபடியே, "நான் கழற்றியது என் நகையை. அவள் நகையைக் கழற்ற எனக்கு என்ன உரிமை?" என்று கேட்டார். அவர்கள் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

இதே தென்கோடியில் கதை நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. அன்றைய தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், கிறிஸ்தவத்துக்கு வந்த நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் துணி அணியும் உரிமைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடிபட்டார்கள், துணி கிழிக்கப்பட்டார்கள். தோள்சீலைப் போராட்டம் என்று அதைச் சொல்கிறோம். 1859-இல்தான் அரசாணை இறங்கிவந்தது. அந்தப் பெண்களுக்கு ஒன்றை அணிவது சுவிசேஷம் தந்த நிமிர்வு. என் அத்தைக்கு ஒன்றைக் கழற்றுவது அதே நிமிர்வு. பொருளில் எதுவும் இல்லை என்று பவுல் சொல்வதை நான் கிரேக்க இலக்கணத்திலிருந்து கற்றதைவிட இந்த இரண்டிலிருந்தும்தான் அதிகம் கற்றேன்.

இனி கலாத்தியர். கி.பி. 50-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதப்பட்ட இந்த நிருபத்தின் பின்னணி எளிது. யூதரல்லாத புறஜாதியிலிருந்து வந்த விசுவாசிகளிடம், கிறிஸ்துவை விசுவாசித்தது சரி, அது போதாது, நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கான விருத்தசேதனமும் செய்துகொள்ளுங்கள் என்று சிலர் வந்து சொன்னார்கள். பவுல் கொதித்துப்போனார். "கிறிஸ்து நமக்கு உண்டாக்கின சுயாதீன நிலைமையிலே நிலைகொண்டிருங்கள்" என்ற 5:1 அந்தக் கொதிப்பில் வந்தது. நம் சபைகளில் "விடுதலை" என்றாலே நோயிலிருந்தோ பிசாசிலிருந்தோ கடனிலிருந்தோ விடுதலை என்று ஆகிவிட்டது. விடுதலைக் கூட்டம் என்று சுவரொட்டி ஒட்டுவதும் அந்தப் பொருளில்தான். பவுல் பேசுவது அதைவிட அடியில் இருக்கும் ஒன்று: கடவுளிடம் நான் ஏற்றுக்கொள்ளப்பட்டவளா என்ற கேள்விக்கு என் நடத்தையின் மதிப்பெண் பட்டியலைக் காட்டவேண்டிய நிலையிலிருந்து விடுதலை. 3:24-இல் மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணத்தை "உபாத்தி" என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. கிரேக்கத்தில் பைடகோகோஸ். அவன் பாடம் நடத்தும் வாத்தியார் அல்ல. வீட்டுப் பிள்ளையைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துப்போய், வழியில் வம்புக்குப் போகாமல் பார்த்து, தேவைப்பட்டால் அடித்து, திரும்பக் கூட்டிவரும் அடிமை. பிள்ளை வளர்ந்த பிறகும் அவன் பிரம்போடு பின்னாலேயே வந்தால் அது விபரீதம். வளர்ந்த பிள்ளைக்கு அவன் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருப்பது மட்டும் இயல்புதான். உங்கள் நிலை அதுதான் என்று நினைக்கிறேன்.

இதில் கற்றவர்களுக்குள் தீராத வழக்கு ஒன்று இருப்பதையும் சொல்லவேண்டும். யூத மார்க்கமே சட்டவாதம், கிறிஸ்தவமே கிருபை என்று மேடைகளில் சுலபமாகச் சொல்கிறோம். 1977-இல் இ. பி. சாண்டர்ஸ் என்ற அறிஞர் அக்கால யூத நூல்களை விரிவாக ஆராய்ந்து, அவர்களும் கடவுளின் தெரிவையும் இரக்கத்தையுமே அடித்தளமாகக் கொண்டிருந்தார்கள், சட்டத்தைக் கைக்கொண்டது அதற்கு நன்றியாகத்தான் என்று வாதிட்டார். அதன்பின் "நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்" என்று பவுல் எதைச் சொன்னார் என்பதில் இரண்டு பெரிய முகாம்கள் இருக்கின்றன. மனித முயற்சி முழுவதையும் சொன்னார் என்பது பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி லூத்தர் வழி வந்த வாசிப்பு. விருத்தசேதனம், உணவு, ஓய்வுநாள் போன்ற யூத அடையாளங்களைச் சொன்னார் என்பது மற்றது. நான் இளமையில் முதல் முகாம். இப்போது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். எந்த முகாமுக்குப் போனாலும் உங்கள் சங்கிலிக்கு ஆபத்து இல்லை. யூதர்களை வில்லன்களாக்கிக் கிருபையைப் பேசும் பழக்கத்துக்குத்தான் ஆபத்து. ஜெபிக்கும்போது பெண்கள் போடும் முக்காடு விஷயம் வேறு மாதிரி. 1 கொரிந்தியர் 11-இல் "தூதர்களினிமித்தம்" என்று ஒரு காரணம் வருகிறது. எனக்குத் திருப்தியான விளக்கம் இதுவரை கிடைக்கவில்லை. அங்கே முக்காடு போடுகிறவர்களையும் போடாதவர்களையும் நான் ஒருபோதும் திருத்தியதில்லை.

தசமபாகம் பற்றி இரண்டு வார்த்தை. மல்கியா 3-இன் சாபத்தை மாதச் சம்பளத்தின்மேல் ஏவுவது வசனத்தை அதன் ஊரிலிருந்து கடத்திக்கொண்டுவருவது. பழைய ஏற்பாட்டுத் தசமபாகம் விளைச்சலிலும் மந்தையிலும் எடுக்கப்பட்டது, ஆலயப் பணி செய்த லேவியரைப் போஷித்தது, உபாகமம் 14-இன்படி கொடுத்த குடும்பமே கர்த்தருடைய சந்நிதியில் உட்கார்ந்து அதிலிருந்து சாப்பிட்டது, மூன்றாம் ஆண்டில் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் போனது. இந்த விருந்துப் பகுதியை யாரும் பிரசங்கிப்பதில்லை. மத்தேயு 23:23-இல் இயேசு "அவைகளையும் விடாதிருக்கவேண்டும்" என்கிறாரே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் பேசியது தேவாலயம் நின்றுகொண்டிருந்த காலத்துப் பரிசேயரிடம். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே" என்ற 2 கொரிந்தியர் 9:7 புறஜாதிச் சபைக்கு எழுதப்பட்டது. நான் பத்தில் ஒன்று கொடுக்கிறேன், பழக்கத்தால், மகிழ்ச்சியாக. கொடுக்காதவரைச் சபிக்க எனக்கு வசனம் கிடையாது.

இப்போது உங்கள் உண்மையான கேள்வி. மனச்சாட்சி கடவுளின் குரல் என்று ஞாயிறு பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பவுல் அப்படிச் சொல்லவில்லை. விக்கிரகம் ஒன்றுமில்லை என்ற அறிவு எல்லாரிடத்திலும் இல்லை, பழைய பழக்கத்தினால் விக்கிரகத்துக்குப் படைத்த உணவைச் சாப்பிட்டதும் சிலருடைய மனச்சாட்சி அசுசிப்படுகிறது என்று 1 கொரிந்தியர் 8:7-இல் எழுதுகிறார். அந்த மனச்சாட்சியை அவர் பலவீனமானது என்கிறார், பொல்லாதது என்று சொல்லவில்லை. சுத்த சைவ வீட்டில் வளர்ந்த நண்பர் ஒருவர், மருத்துவர் சொன்னதால் ஐம்பது வயதில் முட்டை சாப்பிடத் தொடங்கினார். முட்டையில் தவறில்லை என்று அவர் புத்திக்குத் தெரியும். ஆனாலும் முதல் ஆறு மாதம் குமட்டியது. குமட்டல் என்பது முட்டையைப் பற்றிய செய்தி அல்லவே. அவர் வயிறு எந்த வீட்டில் வளர்ந்தது என்பதைப் பற்றிய செய்தி. உங்கள் அன்றைய இரவும் அப்படிப்பட்டது என்றே எனக்குப் படுகிறது. புத்தி ஒரு பிரசங்கத்தில் மாறிவிடும். மனச்சாட்சிக்குச் சில வருடங்கள் ஆகும். அந்த இடைவெளியில் இருப்பவர்களிடம் பவுல் மிகவும் மென்மையாக நடந்துகொள்கிறார்: "அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்." ஆகவே, சங்கிலி போட்டால்தான் சுதந்திரம் என்று நிரூபிக்கவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஒரு வருடம் பெட்டியில் வைத்துவிட்டு, சிந்தித்து, நிம்மதியாக எடுத்துப் போட்டுக்கொண்டாலும் நஷ்டம் எதுவும் இல்லை. பாவம் என்பதற்காக வைக்காதீர்கள். அவசரம் இல்லை என்பதற்காக வையுங்கள்.

ஆவியானவர் உணர்த்துவதையும் பழைய பயத்தையும் எப்படிப் பிரித்தறிவது? 2 கொரிந்தியர் 7:10 இரண்டு துக்கங்களைச் சொல்கிறது: தேவனுக்கேற்ற துக்கம், லௌகிக துக்கம். அதற்குமேல் நான் சொல்வது வசனம் அல்ல, ஆயிரக்கணக்கான மணிநேரம் மற்றவர்கள் சொன்னதைக் கேட்டதில் கிடைத்த அனுபவம். அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆவியானவர் உணர்த்தும்போது விஷயம் குறிப்பாக இருக்கும். இன்னாரிடம் இப்படிப் பேசினாய், இந்தப் பணத்தைத் திருப்பிக் கொடு, என்று முகவரி இருக்கும். சகேயு "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்றானே, அப்படிச் செய்து முடித்தவுடன் மனம் லேசாகும். பயத்துக்கு முகவரி கிடையாது. ஏதோ நடக்கப்போகிறது, பஸ் தாமதமானாலும் காய்ச்சல் வந்தாலும் அந்தச் சங்கிலியால்தான் என்று அது ஊர் சுற்றும். ஒன்றைக் கழற்றினால் அடுத்ததைக் கேட்கும். என்னிடம் படித்த ஒரு மாணவர் முதலில் காலைச் சாப்பாட்டை விட்டார், பிறகு தலையணையை விட்டார், பிறகு சிரிப்பதை விட்டார். அவருக்கு ஒருநாளும் போதவில்லை.

அந்த மாணவரை நான் பல மாதங்கள் ஜெபத்தாலும் வசனத்தாலும் மட்டுமே தேற்றப் பார்த்தேன். அது என் தவறு. அவருக்கு வேண்டியிருந்தது மனநல மருத்துவர். பாவபயமே நோயாகிவிடும் நிலை உண்டு. எண்ணங்கள் திரும்பத் திரும்ப வந்து, மன்னிப்பைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்து, அன்றாட வேலையையே முடக்கும் எண்ணச்சுழற்சி நோயின் (OCD) ஒரு வடிவம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இது புதியதும் அல்ல. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522-இல் மன்ரேசா என்ற ஊரில் இருந்தபோது ஏற்கெனவே அறிக்கையிட்ட பாவங்களையே மறுபடி மறுபடி அறிக்கையிட்டு, தற்கொலை எண்ணம்வரை போனார். கடைசியில், கடந்துபோனவற்றை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்தபோதுதான் மீண்டார். மடத்தில் இருந்த லூத்தரும் பாவசங்கீர்த்தனத்தில் மணிக்கணக்காகப் பேசித் தன் குருவைக் களைப்படையச் செய்தவர்தான். உங்களுக்கு ஓர் இரவு தூக்கம் போனது. அதை நோய் என்று சொல்லமாட்டேன். ஆனால் இது வாரக்கணக்கில் நீடித்தால், வேலை கெட்டால், தயங்காமல் மருத்துவரிடம் போங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசுகிறது. நான் மேலே சொன்ன "பெட்டியில் வைத்துவிடுங்கள்" என்ற யோசனை அப்படிப்பட்ட நிலைக்குப் பொருந்தாமல் போகலாம். சிறிது சிறிதாகப் போட்டுப் பழகுங்கள் என்று மருத்துவர் சொன்னால், அவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஊருக்குப் போகும்போது கழற்றுவது வேஷமா என்று கேட்டிருந்தீர்கள். இதற்குப் புதிய ஏற்பாட்டில் அருமையான ஒரு ஜோடி இருக்கிறது. விருத்தசேதனம் செய்தே ஆகவேண்டும் என்று நெருக்கியவர்களுக்கு முன்னால் பவுல் தீத்துவுக்கு விருத்தசேதனம் செய்விக்கவில்லை. "ஒருநாழிகையாகிலும்" இணங்கவில்லை என்கிறார். அதே பவுல் அப்போஸ்தலர் 16-இல், அந்தப் பகுதி யூதர்களை முன்னிட்டுத் தீமோத்தேயுவுக்குத் தாமே விருத்தசேதனம் செய்விக்கிறார். ஆனால் அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், சிலர் வந்ததும் எழுந்து விலகினார். அவரைப் பவுல் எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார். விலகியதற்குக் காரணமாகக் கலாத்தியர் 2:12-இல் நிற்கும் சொல் "பயந்து". அம்மா உங்களைப் பார்த்ததும் மனம் நோகாமல் இரண்டு நாள் சந்தோஷமாகச் சாப்பாடு போடட்டும் என்று கழற்றினால் அது தீமோத்தேயு. மூப்பர் பார்த்தால் ஜெபக்கூட்டத்தில் பெயர் சொல்லி ஜெபிப்பார் என்று கழற்றினால் அது அந்தியோகியா. இரண்டும் கலந்தே இருக்கும். மனித மனம் அப்படித்தான். அம்மாவிடம் ஒருநாள் நீங்களே சொல்லிவிடுவது நல்லது என்பது என் எண்ணம். எப்போது என்பதை நீங்கள்தான் அறிவீர்கள்.

உங்கள் பழைய சபையை மட்டும் குறைசொல்லிவிட்டுப் போனால் நான் பரிசேயன். எங்கள் பழம்பெரும் சபைகளில் நகைக்குத் தடை இல்லை, சந்தாவுக்குத் தடை உண்டு. சங்கச் சந்தா என்ற சபைக் கட்டணம் பாக்கி இருந்தால், கல்யாண அறிவிப்பான ஓலையைச் சபையில் வாசிக்கமாட்டோம். நான் ஆயரான மூன்றாம் ஆண்டில் ஒரு கூலித் தொழிலாளியின் மகளுக்கு அப்படி ஓலையை ஒரு வாரம் நிறுத்திவைத்தேன். ஒழுங்கு ஒழுங்குதான் என்று கமிட்டியில் பேசவும் செய்தேன். அந்த மனிதர் அடுத்த வாரம் எங்கோ கடன் வாங்கிக்கொண்டு வந்து, நோட்டுகளை என் மேசையில் எண்ணிவைத்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. அதற்காகப் பிறகு எனக்கு வந்த உறுத்தலுக்கு முகவரி இருந்தது.

ஒரு சபை முழுவதுமே மாறமுடியுமா என்று சிலர் கேட்பதுண்டு. நன்றாகப் பதிவான உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. ஹெர்பர்ட் ஆம்ஸ்ட்ராங் 1930-களில் ஆரகனில் வானொலி ஊழியமாகத் தொடங்கி, பின்பு கலிபோர்னியாவின் பாசடீனாவிலிருந்து நடத்திய வேர்ல்ட்வைட் சர்ச் ஆஃப் காட் என்ற சபையில் சனிக்கிழமை ஓய்வு கட்டாயம், பன்றியும் இறாலும் தீட்டு, கிறிஸ்துமஸும் பிறந்தநாளும் கூடாது, தசமபாகமே ஒன்றுக்கு மூன்று. அவர் 1986-இல் இறந்தார். அவருக்குப் பின் வந்த ஜோசப் டகாச், 1994 டிசம்பரில், பழைய உடன்படிக்கையின் இந்தச் சட்டங்கள் கிறிஸ்தவர்களைக் கட்டுப்படுத்தாது என்று பிரசங்கித்தார். மறு ஆண்டே அவரும் இறந்துபோக, பொறுப்பேற்ற மகன், மக்கள்மேல் சுமத்திய சுமைகளுக்காக 1996-இல் சபையின் பத்திரிகையிலேயே மன்னிப்புக் கேட்டு எழுதினார். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளியேறினார்கள்; பழைய சட்டங்களைக் காக்கவே தனிச் சபைகள் முளைத்தன; ஒரே வீட்டில் கணவன் ஒரு சபை, மனைவி ஒரு சபை என்றானது. மிச்சம் இருந்தவர்கள் 2009-இல் கிரேஸ் கம்யூனியன் இன்டர்நேஷனல் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். நான் இதை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் வெளியேறிய பாதியைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன். சட்டம் அவர்களுக்குச் சுமையாக மட்டும் இருக்கவில்லை. நாட்காட்டியாக, சமையலாக, உறவாக, நான் யார் என்பதாக இருந்தது. உங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும். அவரிடம் கலாத்தியரை எடுத்துக்கொண்டு போகும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாக்கா என்ற உங்கள் சந்தேகத்துக்கும் பவுலே பதில் எழுதிவைத்திருக்கிறார், கலாத்தியர் 5:13-இல்: சுயாதீனத்தை மாம்சத்திற்கேதுவாக அனுசரியாமல், அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள். தங்கச் சங்கிலி வாங்கியபின் நீங்கள் வேலைக்கார அம்மாவிடம் முன்னைவிடக் கடுமையாகப் பேசுகிறீர்களா, கொடுப்பது குறைந்ததா, பழைய சபைப் பெண்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரிக்கிறீர்களா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதில்தான் புதிதாக விடுதலையானவர்கள் பெரும்பாலும் வழுக்குகிறார்கள்.

அம்மாவின் மாத்திரை. இங்கே மட்டும் நான் மென்மையாகப் பேசப்போவதில்லை. யாக்கோபு 5 எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது. வைத்தியனிடம் போகாதே என்று சொல்லவில்லை. பவுலின் கூட இருந்த லூக்காவை "பிரியமான வைத்தியன்" என்று கொலோசெயர் 4:14 அழைக்கிறது. தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குப் பவுல் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடச் சொன்னார். உபவாச ஜெபம் வைக்கச் சொல்லவில்லை. ஆனால் இந்த வசனங்களை அம்மாவிடம் வாதமாக எடுத்துக்கொண்டு போகாதீர்கள், தோற்றுவிடுவீர்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சங்கிலிப் பேச்சை எடுக்கவே வேண்டாம். "அம்மா, எனக்காக ஒரே ஒரு தடவை" என்று கேட்டு, அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து ஆய்வகத்துக்கோ அழைத்துப்போய் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டபின் ஒன்று, கூடவே மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையும். பாதத்தில் ஆறாத புண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மாத்திரை சாப்பிடுவதா என்று அதன்பின் பேசலாம். அந்தப் பேச்சில் உதவி தேவைப்பட்டால், ஜெபத்தையும் மருந்தையும் சேர்த்தே நம்பும் பெந்தெகொஸ்தே போதகர்கள் உங்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். அம்மா என்னைப் போன்ற ஆயரைவிட அவர்கள் பேச்சைக் கேட்பார்.